தறிக்குழியில் கொட்டியது

1966 ஐப்பசி மழையில் பரமசிவத்தின் வீட்டுப் பின்கட்டுச் சுவர் சாய்ந்தது. மண் சுவர். அடியில் ஈரம் ஏறி, ஒரு மத்தியானம், அதிகம் சத்தமில்லாமல் உள்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. சுவரை ஒட்டித்தான் அவருடைய பட்டுத்தறி. அந்த நேரம் அவர் சரிகை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அடுப்படியிலிருந்து ஓடி வந்த அவர் மனைவி வடிவாம்பாள் பார்த்தபோது, அவர் உட்காரும் பலகையின் மேல் ஓடுகளும் மண்ணும் குவிந்திருந்தன. பிழைத்தார் என்று தெருவே சொன்னது. வடிவாம்பாள் முறத்தை எடுத்து வந்து ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அவள் சுபாவம் அது. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பிறந்து, நாலு தெரு தள்ளி அதே பிள்ளையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். வந்த மறு வாரமே புகுந்த வீட்டுப் பரணைக் காலி செய்தாள். உடைந்த ராட்டை, பூச்சி அரித்த கூடை, யாருக்கும் பொருந்தாத ஒற்றைச் செருப்பு, எல்லாம் தெருவுக்கு வந்தன. மாமனார் அவற்றைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு ஒரு நாளு நம்மளயும் வாரிக் கொட்டிடும்பா" என்று மகனிடம் சொன்னாராம். அவளிடம் நியாயம் இருந்தது. பட்டு நெய்கிற வீட்டில் தூசு ஆகாது. ஒரு மணல் போதும், இழை அறும். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூல் கண்டான தாரை அவள்தான் சுற்றினாள். ஒரு நாள் முழுக்கச் சுற்றியதில் ஒரு பிசிறு இருந்தாலும் பிரித்து மறுபடி சுற்றுவாள். பரமசிவம் நெய்த புடவையில் பாதி அவள் சுற்றியது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் அதைச் சொல்ல மாட்டார்.

தை பிறந்து சுவர் வேலை தொடங்கியது. சிமெண்டு பர்மிட்டுக்கு எழுதிப் போட்டால் எப்போது வரும் என்று தெரியாது. கோதண்டபாணி கொத்தனார் சுண்ணாம்பே போதும் என்றார். காளவாயிலிருந்து சுட்ட சுண்ணாம்புக் கல் மூட்டையாக வந்தது. வீட்டுக்குப் பக்கச் சந்தில் குழி வெட்டி, கல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டு நீற்றினார்கள். பின்கட்டை இடித்துச் செங்கல்லில் எழுப்பினார்கள். பின்னால் வெளிச்சம் போதவில்லை என்பதால் தறியை முன்கட்டுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. நெய்கிறவர் காலை உள்ளே விட்டு உட்காரும் குழி முன்கட்டில் புதிதாக வெட்டப்பட்டது. பழைய தறிக்குழி பின்கட்டில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதை மூட வேண்டும்.

இடித்த குப்பையில் மிச்சம் வாசலில் தெருவோரமாக மேடு கட்டியிருந்தது. பழைய மண், ஓடு, காரைக் கட்டி, மக்கிப்போன வைக்கோல். அதை வேகவதி ஆற்றங்கரைப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்ட வண்டிக்காரர் சிட்டிபாபுவிடம் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை அவர் வரவில்லை. ஓரிக்கைக்குப் பக்கத்தில் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்றுவிட்டது, சனிக்கிழமைதான் வர முடியும் என்று ஆள் வந்து சொன்னது.

அங்கேதான் சிக்கல். வெள்ளிக்கிழமை விடிகாலையில் எதிர்வீட்டுக் கைலாசம் தெருவில் பாவு நீட்டுகிற முறை. நெசவாளர் தெருவில் இதற்கு மறுபேச்சு கிடையாது. ஒரு புடவைக்கான நீள இழை முழுவதையும் தெரு நெடுக இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் நின்று கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் காயவைத்துச் சுருட்ட வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் ஒரு கட்டில்கூட கிடக்கக் கூடாது. குப்பை மேடு எப்படிக் கிடக்கும்?

சாயங்காலம் கைலாசம் வந்து குப்பையைச் சுற்றிப் பார்த்தார். "இன்னா வடிவு, காலையில பாவ உங்க சுவத்து மேல ஏத்திக்கினு போவணுமா நானு?" என்றார்.

"விடியறதுக்குள்ள தெரு காலியா இருக்கும்ண்ணே" என்றாள் வடிவாம்பாள்.

பரமசிவம் கைலாசத்திடம் ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்லலாம் என்றார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. நம் குப்பைக்காக அடுத்தவன் பாவு நிற்பதா? அவளுக்கு வேறு யோசனை தோன்றியிருந்தது. பின்கட்டில் குழியை மூட மண் வேண்டும். வாசலில் மண்ணைக் கொட்ட இடம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வேலை. யோசனை நன்றாக இருந்தது. அவளுக்கே அதில் ஒரு சந்தோஷம்.

கொத்தனார் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். சித்தாள் மணியம்மாள் மட்டும் கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஓரிக்கையிலிருந்து நடந்து வருகிறவள். அவளை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னாள் வடிவாம்பாள். மணியம்மாள் வாசலில் கூடையை நிரப்பித் தூக்கிவிட, வடிவாம்பாள் சுமந்துபோய்க் குழியில் கவிழ்த்தாள்.

மீந்துபோன சுட்ட சுண்ணாம்புக் கல் அரை மூட்டை, குப்பைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. நீற்றாத கல். பகலில் இடிபாட்டுக் கூடை ஒன்று அதன் மேல் சரிந்து சாக்கு கிழிந்திருக்கிறது. கட்டிகள் உருண்டு குப்பையோடு கலந்துவிட்டன. தூசு படிந்துவிட்டால் சுட்ட கல்லும் பழைய காரைக் கட்டியும் பார்வைக்கு ஒன்றுதான். கையில் எடுத்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். சுட்ட கல் எடை குறைவு.

மணியம்மாள் ஒரு கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இது ரொம்ப லேசா இருக்குதும்மா. போடலாமா?"

"காஞ்ச காரை லேசாத்தான் இருக்கும். போடு."

போட்டாள். வடிவாம்பாள் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். இருட்டுமுன் தெரு சுத்தமாகிவிட்டது. தண்ணீர் தெளித்துப் பெருக்கி, கைலாசத்தின் வாசல் வரைக்கும் சேர்த்துப் பெருக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

தறிக்குழியை மூடும்போது அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் குழியில் காலை வைத்து நெய்தவர், கடைசியாக மண் போட்டு மூடுவதற்கு முன் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அதில் விட வேண்டும். சோறு போட்ட இடத்தைத் தாகத்தோடு மூடக் கூடாது என்பார்கள். வெள்ளிக்கிழமை காலை தெருவில் கைலாசத்தின் பாவு நீண்டிருந்தது. ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். பரமசிவம் குளித்து, விபூதி இட்டு, செம்போடு பின்கட்டுக்குப் போனார். வடிவாம்பாள் சூடத்தட்டோடு நிலைப்படியில் நின்றாள்.

அவர் தண்ணீரை விட்டார். குப்பை அதைக் குடித்தது. ஒன்றும் ஆகவில்லை. சூடம் காட்டிக் கும்பிட்டார்கள். பரமசிவம் திரும்பிப் போக இருந்தார்.

சுட்ட கல் அப்படித்தான். தண்ணீர் பட்டதும் சீறாது. முதலில் உறிஞ்சிக்கொள்ளும். சூடு உள்ளே கட்டும். பிறகுதான் கல் வெடித்து மாவாகும். தண்ணீர் நிறைய இருந்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். கொஞ்சமாக இருந்தால் கொதித்து வெளியே பாயும். ஒரு செம்பு என்பது கொஞ்சம்.

குழிக்குள் உஸ் என்று சத்தம் கேட்டது.

பரமசிவம் கையைத் தூக்கி அவளை நிற்கச் சொன்னார். இடிபாட்டுக் குப்பையில் பாம்பு தங்குவது சகஜம். இரண்டு நாள் தெருவில் கிடந்த குப்பை. கூடையோடு வந்திருக்கும் என்று நினைத்தார். சுவரில் சாய்ந்திருந்த கழியை எடுத்தார். குனிந்தார். சத்தம் வந்த இடத்தில் குத்தினார்.

வடிவாம்பாள் பார்த்தது வெள்ளையாக ஒன்று எழும்பியதைத்தான். சத்தம்கூடப் பெரிதில்லை. பால் பொங்கி அடுப்பில் விழுகிற அளவுதான். அவர் கழியை விட்டார். நிமிர்ந்து நின்றார். நெற்றி, கன்னம், இமை, எல்லாம் வெள்ளை. அந்த முகத்தில் விபூதி எது சுண்ணாம்பு எது என்று தெரியவில்லை. அவர் அலறவில்லை. அவள் இருந்த பக்கமாகத் திரும்பி, சாதாரணக் குரலில் கேட்டார்.

"கதவ ஏன் சாத்தின?"

கதவு திறந்துதான் இருந்தது. காலை வெயில் அவர் மார்பில் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் அப்படிக் கேட்டதை அவள் 1978-இல், படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத கடைசி மாதத்தில், அன்று வீட்டில் இல்லாத மகனிடம் சொன்னாள். அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒரு கேள்வியைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். மிச்சத்தை மறுநாள் சொன்னாள்.

சூடத்தட்டு கீழே விழுந்த சத்தம்தான் தெருவுக்குக் கேட்டது. பிறகு அவர் அலறல். பாவின் தலைமாட்டில் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கைலாசம். அந்தத் தெருவில் கஞ்சி ஈரத்தோடு பாவின் முனையை எவனும் விட்டதில்லை. கைலாசம் விட்டார். பட்டு முழுவதும் மண்ணில் விழுந்தது. அதை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார்.

பின்கட்டில் கூட்டம் கூடிவிட்டது. பரமசிவம் இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். வடிவாம்பாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டாள். தெருமுனை மளிகைக்கடை வேணுகோபால் அவள் கையைப் பிடித்தார். வைத்தியம் தெரிந்தவர் என்று பெயர்.

"தண்ணி ஊத்தாதம்மா. தண்ணி பட்டுத்தான கொதிச்சுது? மறுபடி ஊத்தினா கண்ணு வெந்துடும். விளக்கெண்ண கொண்டாங்கப்பா."

அவர் சொன்னது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. யாரோ எண்ணெய்க்கு ஓடினார்கள். யாரோ கைக்குழந்தைக்காரியைக் கூப்பிட்டு முலைப்பால் பீய்ச்சச் சொன்னார்கள். வடிவாம்பாள் குடத்தோடு நின்றாள். குழியில் இன்னும் வெள்ளை கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர்தான் செய்தது, அவள் கண்ணால் பார்த்தாள். கையில் இருப்பதும் தண்ணீர்.

சந்துக் குழியில் சுண்ணாம்பு நீற்றியபோது கோதண்டபாணி ஆளைத் திட்டிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்திருந்தது. பயந்துக்கினு கொஞ்சங்கொஞ்சமா ஊத்தாத, தெறிக்கும், குடம் குடமா கவுத்து என்று கத்திக்கொண்டிருந்தார். கவிழ்த்த பிறகு அது அடங்கியதையும் பார்த்திருந்தாள். கண்ணுக்கும் அதே கணக்கா? தெரியாது. கேட்க ஆள் இல்லை. எண்ணெய்க் கிண்ணம் வாசலில் வந்துவிட்டது.

வேணுகோபாலின் கையை உதறினாள். பரமசிவத்தின் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் சாய்த்து, குடத்தை முகத்தில் கவிழ்த்தாள்.

அவர் துள்ளினார். பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். "ஆம்பளய கொல்றாளே, புடிங்கடி அவள" என்று ஒருத்தி சத்தம் போட்டாள். வடிவாம்பாள் அவர் தோளைப் பிடித்து இழுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். "அண்ணே, சேந்து" என்றாள் கைலாசத்தைப் பார்த்து. அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கயிற்றைப் பிடித்தார். அவர் சேந்தச் சேந்த அவள் ஊற்றினாள். பரமசிவத்தின் இமையை விரலால் விரித்து உள்ளே ஊற்றினாள். விரல் எரிந்தது. உள்ளங்கைத் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. நிறுத்தவில்லை. கைலாசத்தின் கை ஓய்ந்தபோது வேறொருவர் சேந்தினார். எண்ணெய்க் கிண்ணம் யார் காலோ பட்டு உருண்டது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். சென்னையில் கண் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து, தண்ணீர் விட்டுக் கழுவியது யார் என்று கேட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். "நான்தாங்க" என்றாள். இடது கண் போய்விட்டது என்றார். வலது கண்ணுக்கு இப்போது எதுவும் சொல்ல முடியாது, கட்டு அவிழ்த்தால்தான் தெரியும். கழுவாமல் வந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்றார். அவளுக்கு முதல் வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் மனதில் ஏறவில்லை. நெய்கிறவனுக்குக் கண்தான் எல்லாம்.

கட்டோடு படுத்திருந்த நாட்களில் பரமசிவம் ஒரே ஒரு ஆளைத்தான் திட்டினார். சித்தாள் கொட்டியதாகத்தான் அவர் நினைத்திருந்தார். தெருவும் அப்படித்தான் நினைத்தது. சித்தாள்தானே கூடை தூக்குவாள்? "கண்ணு அவிஞ்சவளா அவ? எதை எங்க கொட்டறதுன்னு தெரியாது? அவ கண்ணு போவட்டும்" என்பார். வடிவாம்பாள் அவருக்குக் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருப்பாள். ஸ்பூன் நிற்காது.

நடுவில் ஒரு நாள் ஊருக்கு வந்தாள். குழியை அப்படியே விட்டிருந்தார்கள். யாரும் பின்கட்டுப் பக்கம் போகவில்லை. கோதண்டபாணி வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மேலே மண்ணைப் போட்டு மூடிவிடலாம், எல்லாம் இறுகிக் கல்லாகியிருக்கும் என்றார். மணியம்மாளை அன்றே வேலையிலிருந்து விரட்டிவிட்டதாகவும், இனி இந்த ஊரில் எந்தக் கொத்தனாரும் அவளைக் கூப்பிட மாட்டான் என்றும் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னது. வடிவாம்பாள் வாயைத் திறந்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

குழியை மூட விடவில்லை. சிட்டிபாபுவின் வண்டியை வரவழைத்தாள். ஒரு கூடை எடுக்குமுன் குழி நிரம்பத் தண்ணீர் விடச் சொன்னாள். மேலே இறுகியிருந்ததைக் கடப்பாரையால் நெம்பியபோது, அடியில் ஈரம் படாத கட்டிகள் அப்படியே இருந்தன. தண்ணீர் பட்டதும் மறுபடி உஸ் என்றது. கடப்பாரைக்காரன் பின்னால் பாய்ந்தான். குடம் குடமாக ஊற்றி, ஆற்றி, கிளறி, மறுபடி ஊற்றினார்கள். ஆற்றங்கரையிலேயே கொட்டிவிட்டு அங்கே தண்ணீர் விட்டுக்கொள்ளலாமே என்று சிட்டிபாபு சொன்னார். வடிவாம்பாள் கேட்கவில்லை.

"அங்க மாடு மேயும், ஆளு நடக்கும். முழுசா அடங்கினதுக்கு அப்புறம்தான் இது இந்த ஊட்ட விட்டுப் போவணும்" என்றாள்.

கடைசி வண்டி போனதும் சென்னைக்குப் பஸ் ஏறினாள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தாள். பக்கத்தில் இருந்தவள் முழுகாமல் இருக்கிறாயா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டு அவிழ்க்கிற காலையில் நர்ஸ் மரியம்மாள் தட்டு எடுத்துவரப் போனாள். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வடிவாம்பாளுக்குத் தோன்றியது. பார்வை வந்தால், சொல்லாத முகத்தை அவர் பார்க்கக் கூடாது. வராவிட்டால், பிறகு சொல்லவே முடியாது.

"அந்தக் கட்டிய குழியில கொட்டினது மணியம்மா இல்ல. நானு."

அவர் கை போர்வையின் ஓரத்தைத் தேடியது.

"அவ கேட்டா. லேசா இருக்குதேன்னு கேட்டா. போடுன்னு நான்தான் சொன்னேன்."

போர்வையின் மேல் இருந்த அவர் விரல்கள் ஓரத்து நூலை நெருடின. மரியம்மாள் வந்துவிட்டாள். டாக்டரும் வந்தார். சுற்றுச் சுற்றாகத் துணி பிரிந்தது. பஞ்சை நனைத்து எடுத்தார்கள். இடது கண் வெள்ளையாக, மூடிய மாதிரியே இருந்தது. வலது இமை ஒட்டியிருந்தது. துடைத்தார்கள். திறந்தார்.

"வெளிச்சம் இருக்குது" என்றார். பிறகு, "ஜன்னல் கம்பி" என்றார். பிறகு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று மரியம்மாள் சொல்லும் வரைக்கும் பார்த்தார். திட்டுவார் என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவர் திட்டவேண்டும் என்றும் அவளுக்கு இருந்தது.

"அந்தப் பொம்பளய இன்னா இன்னா பேசிட்டேன்" என்றார்.

சென்னையிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஓரிக்கைக்கு வண்டி வைக்கச் சொன்னார். மணியம்மாள் குடிசை வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து ஒரு கண்ணில் கட்டோடு ஒருவர் இறங்குவதைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். உள்ளே போகத் திரும்பினாள்.

"நில்லு மணியம்மா" என்றாள் வடிவாம்பாள். அக்கம்பக்கம் வெளியே வந்து பார்க்கும் வரைக்கும் நின்றாள். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, கொட்டியது தான்தான் என்றும், மணியம்மாள் கேட்டும் தான்தான் போடச் சொன்னது என்றும் சொன்னாள். அந்தக் கொத்தனாரிடமும் தெருவிலும் இன்றைக்கே சொல்லப்போவதாகச் சொன்னாள்.

மணியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். "எனக்குத் தெரியாதாம்மா? கூடைய தூக்கிவுட்டது நான்தானே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லாம இருந்த?"

"சொன்னேம்மா. அன்னிக்கே எல்லார்கிட்டயும் சொன்னேன். யாரும் காதுல போட்டுக்கல."

வடிவாம்பாள் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பரமசிவம் ஒற்றைக் கண்ணால் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது. வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்கட்டுமா என்று கேட்டான். வடிவாம்பாள் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு சிதறிய கேழ்வரகைப் பொறுக்க ஆரம்பித்தாள்.